மாட்டுக்கறி ஆணம் எங்கே கெட்டது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

போன வாரம் ராத்திரி எட்டரை மணிக்குச் சென்னையில் இருக்கும் மருமகள் கூப்பிட்டாள். "மாமி, கறி வேகவே மாட்டேங்குது. இன்னும் ரெண்டு கரண்டி மசாலா போட்டுப் பார்க்கவா?" எவ்வளவு நேரம் வைத்தாய் என்று கேட்டேன். "பத்து விசில் விட்டேன் மாமி." நேரத்தைக் கேட்டால் விசில் கணக்குச் சொல்கிறாள். அவள் மட்டுமில்லை, எல்லாரும் அப்படித்தான்.

ஆணம் (குழம்பை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) சரியில்லை என்றதும் நம் கை மசாலா டப்பாவுக்குத்தான் போகிறது. கீழக்கரையில் முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறேன். மசாலா குறைந்து கெட்ட மாட்டுக்கறியை நான் பார்த்தது குறைவு. அவசரப்பட்டுக் கெட்டதும், என்ன கோளாறு என்று பார்க்காமல் கைவைத்துக் கெட்டதும்தான் அதிகம். அதனால் அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். உங்கள் சட்டியில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்குப் போய்ப் படியுங்கள்.

முதலில் என் அளவைச் சொல்லிவிடுகிறேன். எலும்போடு ஒரு கிலோ கறி, கால் கிலோ சின்ன வெங்காயம், மூன்று மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி, இரண்டு மேசைக்கரண்டி மல்லித்தூள், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி சோம்பு, அரைத் தேக்கரண்டி மிளகு, பட்டை, கிராம்பு, ஏலம், ஒரு துண்டு ரம்பை இலை, அரை மூடித் தேங்காயின் பால். உப்பு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இது ஆறு பேருக்குத் தாராளமாக வரும்.

கறி ரப்பர் மாதிரி இழுக்கிறது

ஒரு துண்டை எடுத்து அகப்பையின் முதுகால் தட்டில் வைத்து அழுத்துங்கள். அமுங்கி மறுபடி எழும்பினால் அது வேகாத கறி. நடுவில் வெள்ளையாக, கண்ணாடி மாதிரி ஒரு ஜவ்வு தெரியும். அதுதான் இழுக்கிறது. அந்த ஜவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் நீண்ட நேரம் இருந்தால்தான் இளகிக் கூழாகும். சட்டிக்குள் அது நடக்காத வரை எந்த மசாலாவும் உதவாது.

நம் ஊர்க் கறிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது அல்லது ஊனமுற்று இனித் தேறாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். ஆகவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த மாட்டின் கறி. வயது ஏற ஏற அந்தக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும், சூட்டுக்கு எளிதில் இளகாது. வெளிநாட்டுச் சமையல் வீடியோவில் இளங்காளைக் கறியை ஒன்றரை மணி நேரத்தில் இறக்குவதைப் பார்த்துவிட்டு நாமும் இறக்கினால் பல்தான் வலிக்கும்.

சாதாரணச் சட்டியில் மூடி போட்டு வேகவைத்தால் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைச் சின்னதாக்கி, அதிலிருந்து நாற்பது நிமிஷம் வையுங்கள். விசில் எண்ணுவதை விட்டுவிடுங்கள். தீ பெரிதாக இருந்தால் பத்து விசிலும் பதினைந்து நிமிஷத்தில் வந்துவிடும். உள்ளே சூடு 120 டிகிரியை ஒட்டி இருந்தாலும் கறிக்குக் கிடைத்த நேரம் என்னவோ பதினைந்து நிமிஷம்தான். மருமகளுக்கும் இதைத்தான் சொன்னேன். அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி மறுபடி மூடி இருபத்தைந்து நிமிஷம் வைத்தாள். ஒரு சிட்டிகை மசாலாகூடப் போடவில்லை. ஒன்பதரைக்கு அவள் அனுப்பிய படத்தில் கறி எலும்பை விட்டு விலகி இருந்தது.

நடுவில் தண்ணீர் சேர்ப்பதாக இருந்தால் வெந்நீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, மறுபடி சூடேறும் வரை நேரம் வீணாகும்.

பப்பாளிக்காய் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். தோலோடு அரைத்த விழுது இரண்டு மேசைக்கரண்டியை அரை மணி நேரம் பிசறி வைத்தால் போதும். அதிலுள்ள பாப்பைன் கறியின் மேல்புறத்தில்தான் வேலை செய்யும். கொதி வந்தால் அதன் வேலை முடிந்துவிடும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் வெளியே கொழகொழ என்றும் உள்ளே பழையபடி கெட்டியாகவும் இருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் கறி மட்டும் வேகவே இல்லை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குர்பானி கொடுத்த அன்றைக்கு, பங்கு பிரித்து மதியத்துக்குள் கறி வீட்டுக்கு வந்துவிடும். உடனே சட்டியில் போடுவோம். கடையில் வாங்கிய கறியைவிடப் பிடிவாதமாக இருக்கும். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கத் தொடங்குகிறது. மாட்டில் அந்த விறைப்பு ஏறக்குறைய ஒரு நாள் வரை உச்சத்தில் இருந்து, அப்புறம்தான் மெல்லத் தளர்கிறது. நாம் சமைப்பது சரியாக அந்த விறைப்பு நேரத்தில்.

பெருநாள் மதியத்துக்கு ஈரலைச் சமையுங்கள், அதற்கு இந்தத் தொல்லை இல்லை. கறியை அகலமான பாத்திரத்தில் பரப்பி, சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வைத்துவிட்டுச் சமையுங்கள். அன்றே சமைத்தாக வேண்டும் என்றால் நாரின் குறுக்கே சின்னத் துண்டாக வெட்டி, குக்கர் நேரத்தில் பத்து நிமிஷம் கூட்டுங்கள்.

பல வீடுகளில் செய்யும் தவறு, கைச்சூடு ஆறாத கறியைப் பையில் கட்டி நேராக ஃப்ரீசரில் திணிப்பது. விறைப்பு வந்து அடங்கும் முன்பே குளிர் ஏறினால் தசை சுருங்கிவிடும். அந்தக் கறியை ஒரு மாதம் கழித்து எடுத்துச் சமைத்தாலும் அது கெட்டியாகவே இருக்கும். முதல் நாள் கீழ்த்தட்டு, அடுத்த நாள் ஃப்ரீசர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெந்துவிட்டது, ஆனால் சக்கையாக இருக்கிறது

இது முன்னதற்கு நேர் எதிர். அழுத்தினால் எழும்பாது, நூல் நூலாகப் பிரியும், வாயில் போட்டால் வறட்சி. கொழுப்பே இல்லாத தொடைக்கறியை மட்டும் கேட்டு வாங்கி நீளமாக வேகவைத்தால் இப்படி ஆகும். ஈரத்தைப் பிடித்து வைக்க அதில் ஜவ்வும் கொழுப்பும் போதாது. ஆணத்துக்கு நெஞ்செலும்பு, சப்பை, கழுத்து, இவற்றோடு ஒரு நல்லி என்று கலந்து கேளுங்கள். பார்க்க அழகில்லாத துண்டுகள்தான் சட்டியில் குழைந்து ஆணத்துக்குக் கெட்டி கொடுக்கும். சக்கையாகிவிட்ட கறியைத் திரும்ப ஈரமாக்க முடியாது. நன்றாகப் பிய்த்து, வெங்காயம் மிளகு போட்டு வதக்கி ரொட்டிக்கு வைத்துவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பச்சை வாடை அடிக்கிறது, அல்லது கசக்கிறது

இரண்டும் ஒரே இடத்தில் பிறக்கும் கோளாறு. மசாலா தாளிப்பில் வதங்காவிட்டால் பச்சை வாடை, கருகிவிட்டால் கசப்பு.

வெங்காயம் நன்றாகச் சிவந்து சுருங்கியதும் இஞ்சி பூண்டைப் போட்டு, அதன் காரல் போகும் வரை கிளற வேண்டும். தூள்களைப் போடும் முன் தீயைக் குறைத்து, கால் டம்ளர் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். முதலில் சளசள என்று பெரிய குமிழியாகக் கொதிக்கும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழி சின்னதாகும், சத்தம் மாறும், ஓரத்தில் செந்நிறமாக எண்ணெய் விலகி நிற்கும். அந்த எண்ணெயைக் கண்ணால் பார்க்காமல் கறியைக் கொட்டாதீர்கள். பச்சை வாடை ஆணம் முடிந்த பிறகு தெரிந்தால், இரண்டு கரண்டி எண்ணெயில் கொஞ்சம் வெங்காயம் தாளித்து, ஆணத்தில் இருந்தே ஒரு அகப்பை எடுத்து அதில் ஊற்றி வற்ற விட்டு, திரும்பச் சட்டியில் சேருங்கள். முக்கால்வாசி சரியாகும்.

கசப்பு அப்படிப் போகாது. அடி பிடித்தது தெரிந்தவுடன் கிளறாமல், சுரண்டாமல், மேலே இருப்பதை வேறு சட்டிக்கு மாற்றுங்கள். வாசலில் விறகு வைத்துப் தேக்சா என்ற பெரிய பாத்திரத்தில் ஆக்குகிறவர்கள் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கவனமாக இருக்க வேண்டும். கருவேல விறகு நின்று எரியும், சூடு அதிகம். காற்று தீயை ஒரு பக்கமாகச் சாய்த்தால் தேக்சாவின் அந்தப் பக்கம் மட்டும் கருகும், நடுவில் கிளறுகிறவருக்குத் தெரியாது. காற்று வரும் பக்கம் தகரத்தை நிறுத்தி மறைத்துக்கொள்ளுங்கள். லேசான கசப்பு என்றால் நெல்லிக்காய் அளவு கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் அதை மறைக்கும். நன்றாகக் கருகியிருந்தால் மறைக்கப் பார்க்காதீர்கள்.

தேங்காய்ப்பால் திரிந்துபோனது

மேலே எண்ணெய்த் திட்டும் கீழே திப்பி திப்பியாக வெள்ளையும் தெரியும். தலைப்பாலை, அதாவது முதலில் பிழிந்த கெட்டிப் பாலை, ஊற்றிக் கொதிக்க விட்டதுதான் காரணம். இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் கறியோடு வேகலாம். தலைப்பால் கடைசியில், தீயை அடக்கி, தக்காளிப் புளிப்பு நன்றாக அடங்கிய பிறகு. ஓரத்தில் ஆவி கட்டியதும் இறக்கிவிடுங்கள். திரிந்ததைச் சாப்பிட ஒன்றும் பயமில்லை, கெட்டுப் போகவில்லை. பத்து முந்திரியும் ஒரு தேக்கரண்டி கசகசாவும் ஊறவைத்து மைய அரைத்துச் சேர்த்து மெதுவாகக் கிளறினால் கூடிவரும்.

உப்புக் கரிக்கிறது

எங்கள் கரையோரத்தில் இதற்குத் தனிக் காரணம் உண்டு: தண்ணீர். கிணற்று நீரும் போர் நீரும் பல தெருக்களில் உவர்ப்பு. ஒரு லிட்டர் ஊற்றி முக்கால்வாசி வற்ற விட்டால் தண்ணீர் போய்விடும், உவர்ப்பு சட்டியிலேயே நிற்கும். நீங்கள் போட்ட உப்பு சரியான அளவுதான், தண்ணீர் கொண்டுவந்த உப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. சமையலுக்குக் காவிரித் தண்ணீரோ குடிக்க வாங்கும் தண்ணீரோ எடுங்கள். முதலில் பாதி உப்பு மட்டும் போட்டு, ஆணம் வற்றி இறக்கும்போது மீதியைப் பாருங்கள்.

உருளைக்கிழங்கு உப்பை உறிஞ்சும் என்பார்கள். அது ஆணத்தைத்தான் உறிஞ்சும், உப்பை மட்டும் பிரித்து எடுக்காது. அளவைக் கூட்டுவது ஒன்றே வழி: உப்பில்லாத இரண்டாம் பால், வாழைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய். ஒரு நாளுக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்ட ஒரு கிலோ கறியை ஆறு பேர் பகிர்ந்தால், ஆணத்தில் இருந்து மட்டும் ஆளுக்கு ஏறக்குறைய 2 கிராம். அப்பளமும் ஊறுகாயும் கூட இருந்தால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் வரவில்லை என்று தூளைக் கொட்டி, உறைப்பு ஏறிவிட்டது

நிறத்துக்கு நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இதற்குத்தான். ஆறு மிளகாயை விதை தட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்து வதக்கினால் நிறம் தானாக வரும். உறைப்பு ஏறிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மிளகாயின் உறைப்பு கொழுப்பில் கரைவது, தண்ணீரில் அடங்காது. தேங்காய்ப்பால் சேருங்கள், தட்டில் தயிர்ப் பச்சடி வையுங்கள்.

மாட்டு வாடை

மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி இரண்டு தண்ணீரில் கழுவி, வடிதட்டில் கால் மணி நேரம் வடிய விடுங்கள். மஞ்சளாகக் கெட்டியாகத் தொங்கும் கொழுப்பை அரிந்து எடுங்கள், வாடையில் பெரும்பங்கு அதில்தான். அதற்கு மேல் கிராம்பைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை.

தால்ச்சாவில் பருப்பு மட்டும் வேகவில்லை

தால்ச்சா என்பது கறியும் பருப்பும் சேர்த்து வைக்கும் புளிக்குழம்பு. புளி முதலிலேயே விழுந்திருக்கும், அல்லது கடினத் தண்ணீராக இருக்கும். பருப்பைக் குடிநீரில் தனியாகக் குழைய வேகவைத்து, புளியைக் கடைசியில் ஊற்றுங்கள்.

சாப்பிட்டதும் நெஞ்சு பாரமாக இருக்கிறது

ஆணத்தின் மேல் ஒரு விரல் உயரம் எண்ணெய் நின்றால் அது ருசியின் அடையாளம் என்று நம்மிடம் ஒரு எண்ணம் இருக்கிறது. தாளித்த எண்ணெய், மாட்டுக் கொழுப்பு, தேங்காய்ப்பால் மூன்றும் அங்கே சேர்ந்து நிற்கின்றன. பின்னிரண்டிலும் நிறைகொழுப்பு அதிகம். தாளிக்க மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் போதும், கறி தன் கொழுப்பை விடும். தேங்காய்ப்பால் சேர்க்கும் முன் ஆணத்தை ஆறவைத்து ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே பாளமாக உறையும். கரண்டியால் எடுத்துவிட்டு, காலையில் கொதிக்கவைத்துப் பால் சேருங்கள். ருசி குறையாது, நான் பலமுறை விருந்தாளிகளுக்கே இப்படிப் பரிமாறி இருக்கிறேன்.

அளவும் ஒரு காரணம். கொழுப்பு நீக்கி வேகவைத்த கறி 100 கிராமில் ஏறக்குறைய 26 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு வேளைக்கு நான்கைந்து நடுத்தரத் துண்டுகள் தாராளம். சிவப்பிறைச்சி குடல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் அறிவுரை. யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குகிறவர்கள் ஈரலையும் கறியையும் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஈரல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது.

கறி ஆக்கும் வீட்டிலும் பெண்களுக்கு ரத்தம் குறைவு

இதைச் சட்டியில் பார்க்க முடியாது, தட்டில்தான் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. மாட்டுக்கறியில் 100 கிராமுக்கு இரண்டு முதல் மூன்று மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. கறி மட்டுமே அதை நிரப்பாது. ஆனால் கறியிலுள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும், கூடவே சாப்பிடும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பையும் எடுக்க உதவும்.

எங்கள் வீட்டில் உம்மா காலத்தில் ஆண்கள் சகன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து முதலில் சாப்பிடுவார்கள். துண்டெல்லாம் அங்கே போய்விடும். கடைசியில் அடுப்படியில் உம்மா மீதி ஆணத்தை இடியாப்பத்தின் மேல் ஊற்றி, எலும்பைச் சப்பிவிட்டு எழுந்துவிடும். அந்த ஆணத்தில் இருந்தது பெரும்பாலும் எண்ணெயும் உப்பும். இரும்பும் துத்தநாகமும் பி12உம் துண்டில் இருந்தன. நான் இப்போது பரிமாறும் முன்பே பெண்களின் பங்கை, துண்டு எண்ணி, ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுகிறேன். கூட முருங்கைக்கீரை, எலுமிச்சை பிழிந்த வெங்காயம். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், கீரை, பருப்பில் உள்ள இரும்பை டீ தடுக்கும். தலைசுற்றல், மூச்சிரைப்பு என்று இருந்தால் கறியை நம்பி இருக்காமல் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரைப் பாருங்கள்.

மறுநாள் நுரை கட்டியிருக்கிறது, அல்லது சாப்பிட்டு வயிறு கலக்குகிறது

நுரைத்திருந்தால், புளிப்பு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். நான் ஒரு தடவை அரைத் தேக்சா ஆணத்தை மூடியோடு அடுப்பிலேயே ராத்திரி விட்டுவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழி. மனசு கேட்காமல்தான் கொட்டினேன், ஆனாலும் கொட்டினேன்.

நுரைக்காதது நல்லது என்றும் நினைக்க வேண்டாம். பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும் கறியில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜென்ஸ் என்ற கிருமி பெருகும். அதன் வித்துகள் கொதியையும் தாங்கிப் பிழைக்கும், ருசியிலும் வாடையிலும் எதுவும் தெரியாது. சாப்பிட்ட அரை நாளில் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மிஞ்சியதை அகலமான, ஆழமில்லாத நாலைந்து பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் வைத்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். எடுக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, நடுவிலும் தளதள என்று கொதிக்கும் வரை சூடாக்குங்கள். தேங்காய்ப்பால் சேர்த்த ஆணம் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். நாள் தாங்க வைக்க வேண்டியதைப் பால் ஊற்றும் முன்பே தனியாக எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், இடியாப்பம் பிழியும் அன்றைக்குப் பாலை அப்போது பிழிந்து ஊற்றிக்கொள்ளலாம்.